நூதனசாலையில் இழுபட்ட கயிறு

பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிறவள் நான். போரையும் பார்த்து, இந்தியாவில் அகதி முகாமிலும் கிடந்து வந்தவளுக்கு அதற்கு மேல் என்ன பயம்? ஆனால் இது நடந்தது. சிரிப்பதென்றால் சிரியுங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மன்னாரில் ஒரு சிறிய நூதனசாலையில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. கலப்பை, திருகை, மீன் பறி என்று சனங்களிடம் வாங்கிய பழைய சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடம். சங்கு குளிக்கிறவர்கள் ஆழத்துக்கு இறங்கக் காலில் மாட்டிக்கொண்டுபோகும் கல்லுக்கு, பொறுப்பாளர் 'வலைக்கல்' என்று எழுதி வைத்திருந்தார். எனக்குக் கொதி வந்தது. என் அப்பா வள்ளத்தில் நின்று அவர்களுக்குக் கயிறு பிடித்தவர். என் மனுசனும் சங்குதான் குளிக்கிறார், இப்போது கயிறில்லை, முதுகில் காற்றுச் சிலிண்டர். அன்றும் கடலுக்குப் போயிருந்தார்.

"சேர், ஆரைக் கேட்டு எழுதினனீங்கள்?"

"புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு, அக்கா."

"அப்ப புத்தகத்தைக் கட்டிக்கொண்டு கடலில குதியுங்கோ பாப்பம்."

"எனக்கு நீந்தத் தெரியாதக்கா" என்று சிரித்தார்.

செய்தே காட்டுவோம் என்று அங்கே கிடந்த பழைய கயிற்றைக் கூரை வளை மரத்துக்கு மேலாகப் போட்டேன். ஒரு நுனியில் இடுப்புக்குப் போடும் சுருக்கு, மறு நுனி என் கையில். கீழே இருப்பவன் ஒருமுறை வெட்டி இழுத்தால் உடனே தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கயிறு வெட்டி இழுத்தது. பட்டப்பகல், காற்றுகூட இல்லை. சுருக்கு வெறுமனே தொங்குகிறது, என் கையில் ஓர் ஆளின் பாரம். யோசிக்கவில்லை, காலை ஊன்றி இழுத்தேன். நம்பினால் நம்புங்கள், சுருக்கு ஒரு சாண்கூட உயரவில்லை, கயிறு மட்டும் என் காலடியில் குவிந்துகொண்டே போனது. பிறகு பாரம் சட்டென்று போய்விட்டது.

கரைக்கு ஓடினேன். வள்ளத்தின் முன் அணியத்தில் என் மனுசன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். திட்டித் தீர்த்துவிட்டு அழுதேன்.

"அறுந்த வலையில கால் மாட்டிப்போட்டுது. காத்தும் முடியிற நேரம். ஆரோ இடுப்பில பிடிச்சு இழுத்தினம்."

"ஆர்?"

"ஆர் இருக்கினம் அங்க, உன்ர கொம்மாவோ?"

அன்று இரவுபோல நான் ஒருநாளும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. அவர் சங்கு குளிப்பதையும் விட்டுவிட்டார், இன்றைக்கும் பக்கத்தில் கிடந்து குறட்டை விடுகிறார். அது போதும் எனக்கு.

ஆனால் அன்று சாப்பிடும்போது அவர் ஒன்று சொன்னார். "நடுவில ஒருக்கா என்னை விட்டிட்டுது. திரும்பக் கீழ போனன். முடிஞ்சுதெண்டு நினைச்சன்."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். பொறுப்பாளர் பயந்துபோய் "விடுங்கோ அக்கா" என்று கத்தியபோது நான் கையை விட்டேன், ஒரு மூச்சு நேரம், பிறகுதான் திரும்பப் பிடித்து இழுத்தேன். இன்றுவரை என் மனுசனுக்குச் சொல்லவில்லை.