பட்டத்தில் ஒட்டிய பக்கம்

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே பொதுவாக இருந்த பைபிளில் ஒரு தாளைக் கிழித்து, ரப்பர் பால் தடவிப் பட்டத்தில் ஒட்டியவன் நான். அடி வாங்கியது, பட்டத்தைக் கையில் வைத்திருந்த என் கூட்டாளி சூசை.

இலங்கையில் புளத்கொகுபிட்டிய ஊருக்கு மேலே, ரப்பர் ஷீட்டுகள் துணிபோலத் தொங்கிய புகைவீட்டு வாசலில்தான், விறகு வெடிக்கும் சத்தத்துக்கும் புளித்த புகைக்கும் நடுவே, ஞாயிறு மாலைகளில் அந்தப் பைபிளை வாசிப்போம். அந்த நெருப்பருகே நின்றுதான், தாளைக் கிழித்தது யார் என்று கேட்டவர்களிடம் "எனக்குத் தெரியாது" என்றேன். சூசையை அதன்பின் வாசிப்பில் சேர்க்கவில்லை. நாங்கள் எழுத்துக் கூட்டிப் பழகியது அந்தப் பைபிளில்தான். அவன் பழகாமலே போனான்.

புகைவீடு இன்றில்லை. நான் ஆசிரியராகி வேதம் போதித்தும் எதுவும் உறைக்கவில்லை. போர்நிறுத்தம் வந்த வருஷத் தவக்காலத்தில், நெருப்பருகே நின்று பேதுரு இயேசுவை அறியேன் என்ற பகுதியை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்த ரப்பர் புகை மூக்கில் ஏறியது. அப்படியே எழுந்துபோய்ச் சூசையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் சிரித்தான். "அடி வாங்குனவன் நான்டா. அதுல என்னதான் எழுதியிருந்துச்சு? வாசிச்சுக் காட்டு."

எந்தப் பக்கம் என்று எனக்கு நினைவில்லை. அதனால் முதல் பக்கத்திலிருந்தே தொடங்கினோம். ஞாயிறுதோறும் நான் வாசிக்க, அவன் குறுக்குக் கேள்வி கேட்க, இன்னும் முடியவில்லை, ஆண்டவருக்கு நன்றி.