கால் படக்கூடாத கம்பளி விரிப்பு

கீரி என்ற ஊரில், கடற்கரை விடுதியொன்றில் கூட்டித் துடைக்கிறேன். முதலாளியம்மா மொரோக்கோவிலிருந்து கொண்டுவந்த விரிப்பு, பெர்பர் மக்கள் கையால் நெய்த பழைய கம்பளி. அதில் என் கால் படக்கூடாது, சுற்றித்தான் போகவேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு விடியற்காலை, வள்ளம் கவிழ்ந்து இரவெல்லாம் கடலில் கிடந்த என் கணவரைத் தூக்கிவந்து விடுதி வாசலில் கிடத்தினார்கள். உடம்பு விறைத்திருந்தது.

"ஒரு சாக்காவது தாங்கோ!" என்று கத்தினேன்.

முதலாளியம்மா அந்த விரிப்பையே இழுத்துவந்தார்.

"ஐயோ அம்மா, பழுதாப் போயிடும்!"

"விசர்க்கதை கதையாமல் காலைப் பிடி."

ஈரச் சாரத்தை உருவிவிட்டு இறுகச் சுற்றினோம். மனுஷனிடம் அசைவில்லை. மாதாவைக் கும்பிட்டேன், திட்டியும் விட்டேன். கடைசியில் உதடு அசைந்தது.

"என்னடி, ஆடு நாறுது..."

"ஆள் தப்பிட்டார்" என்று முதலாளியம்மா நிலத்திலேயே குந்திவிட்டார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

இன்றும் முதலாளியம்மாவோடு சண்டை பிடிக்கிறேன். ஆனால் வேறு யாரும் அவரைப் பற்றி ஒரு சொல் சொன்னால் விடமாட்டேன்.