கச்சிராயபாளையத்துக்கு இரண்டு மைல் முன்னால்

காலை ஏழரை மணிக்குக் கள்ளக்குறிச்சியில் டவுன் பஸ் ஏறினோம். எனக்கு ஆறாம் மாதம். கூட வந்த என் கணவர் கையில் ஒரு தலையணை, சட்டைப்பையில் ஓர் இன்லேண்டு லெட்டர். திருநாவலூரில் இருக்கும் தன் அம்மாவுக்கு, என்னை அங்கே அனுப்பிவைப்பதாக எழுதியது. நான் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சில நாளாக இடுப்பு வலி. அங்கே திரும்பும் இந்தப் பயணத்தை என் இடுப்பு தாங்கினால் வேலையில் தொடரலாம். தாங்காவிட்டால் லெட்டர் தபாலில் போகும். பள்ளியை விட்டுப் போக எனக்குத் துளியும் மனமில்லை.

முந்தின நாள் பார்த்த டாக்டரம்மா மாத்திரை எதுவும் தரவில்லை. "இடுப்புக்குத் தலையணை வெச்சுக்க. ஒரேயடியா ஒக்காராத, அப்பப்ப நட. வலி விட்டு விட்டு வந்தா மட்டும் ஒடனே வந்துடு" என்றார்.

நம் ஊர் பஸ்ஸில் அது நடக்கிற காரியமா? நான் எழுந்தாலே கண்டக்டர் பதறினார். "மாசமா இருக்கிற பொண்ணு நின்னுக்கினு வரலாமா? ஒக்காரும்மா!" பின்சீட்டு அம்மா தோளைப் பிடித்து அமுக்கினார். என் கணவரும் அவர்கள் கட்சிதான். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

எட்டேகால் மணிக்கு, கச்சிராயபாளையத்துக்கு இரண்டு மைல் இருக்கையில், பஸ் நின்றது. எண்பத்தேழாம் வருஷம், இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையின் குறுக்கே போராட்டக்காரர்கள் வெட்டிப்போட்ட புளியமரம் கிடந்தது.

"இதுக்கு மேல போவாதுங்க. நடந்து போனா ஊருல மலை பஸ்ஸு கெடைக்கும்" என்றார் டிரைவர். என் கணவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கரும்புக் கொல்லை ஓரமாக, நிழல் கண்ட இடத்தில் நின்று நின்று நடந்தோம். அரை மைல் போனதும் வலி மெல்ல இறங்கியது.

"இன்னா, முடியலியா?" என்றார்.

"முடியுதுங்க. ஒக்காந்தாதான் முடியல."

பத்து மணிக்கு மலை பஸ் கிடைத்தது. வளைவுகளில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தேன். வண்டி நின்ற ஊரிலெல்லாம் இறங்கி நாலடி நடந்தேன். இந்தக் கண்டக்டரும் சத்தம் போட்டார். "இன்னாத்துக்கும்மா எறங்கிக்கினே இருக்க? ஏறி ஒக்காரு!"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "அவ நடக்கட்டும்ங்க. நாமதான் ஒக்கார வெச்சு ஒக்கார வெச்சு வலிய ஜாஸ்தி பண்றோம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிமலையில் இறங்கும்போது பன்னிரண்டு மணி. தபால் பெட்டி வழியில்தான் இருக்கிறது. அவர் நிற்காமல் நடந்தார்.

"ஏங்க, லெட்டரு?"

"வேற எழுதணும். அம்மாவ இங்க வரச்சொல்லி."