தரையைப் பார்த்த பொம்மைகள்

என் தங்கை கண் எழுதிய பொம்மைகள் எல்லாம் தரையைப் பார்த்தன. துணிக்கடை வாசலில் சட்டை மாட்டி நிறுத்துவார்களே, ஆள் உயரப் பொம்மை, அதற்குக் கண்ணும் உதடும் எழுதுவது அவள் வேலை. அவள் கல்யாணத்திலிருந்து தொடங்கச் சொல்கிறாள், நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் என் பேத்தி. மாட்டேன். அந்தக் கல்யாணத்துக்கு முதலிடம் கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆனாலும் சொல்லாமல் தீராது. பத்து வருஷம் அந்தப் புருஷன் வீட்டில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், "என்னடி முறைக்கிற?" என்பான், கேள்வி முடியுமுன் கை விழும். அதனால் அவன் காலைப் பார்த்தே காலம் தள்ளினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தால் அன்றைக்குச் சோறு தொண்டையில் இறங்கும். உதறி எறிந்தால் இறங்காது. குதிகால் தரையில் படாமல் நின்றான் என்றால் அடி நிச்சயம். வானம் பார்த்து மழை சொல்கிறவர்கள் உண்டு. இவள் கால் பார்த்து அடி சொன்னாள். அவன் இல்லாத நேரத்தில் ஈர விரலால் அடுப்படித் தரையில் முகம் முகமாக வரைவாளாம். அவன் வருவதற்குள் காய்ந்துவிடும்.

இரண்டு முறை என்னிடம் ஓடி வந்தாள். இரண்டு முறையும் நான்தான் கூட்டிக்கொண்டு போய் அவன் வீட்டில் விட்டேன். "கொஞ்சம் பொறுத்துப் போடி, எல்லா வீட்லயும் இருக்கறதுதான்" என்றேன்.

"பாட்டி, இந்த வரி வேணாமே" என்கிறாள் பேத்தி.

"எழுதுடி" என்றேன்.

மூன்றாம் முறை கிளம்பியவள் என் தெருவழியாகத்தான் போயிருக்கிறாள். என் வீட்டுக் கதவு திறந்திருந்ததையும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, தாண்டிப் போய்விட்டாள்.

வேறு ஊரில் பொம்மைப் பட்டறையில் வேலை கிடைத்தது. தகரக் கூரை, உள்ளே போனால் பெயிண்ட் வாடை மூக்கைப் பிய்க்கும். சுவரோரம் கைகள் ஒரு குவியல், கால்கள் ஒரு குவியல், தலைகள் தனி அடுக்கு. முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை. சாயங்காலம் இமையெல்லாம் வெள்ளைத் தூள் படிந்து, இவளே ஒரு பொம்மை மாதிரி வீடு திரும்புவாள். வீடு என்றால் மொட்டைமாடியில் ஒற்றை அறை. உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. அதைப் பார்த்துத்தான் அந்த அறையைப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச ஆளில்லாமல் கழியும். திங்கட்கிழமை முதல் வார்த்தை கரகரவென்று வரும்.

கண் எழுதுகிறவர் வேலையை விட்டுப் போனார். "யாருக்குப்பா கை நடுங்காது?" என்று முதலாளி கேட்டார். என் தங்கை குனிந்தபடியே கையைத் தூக்கினாள். அவள் எழுதிய உதடு பேசப்போகிற மாதிரி இருக்கும். கண் அப்படியொரு கண். ஆனால் எல்லாம் கீழே பார்க்கும். முகத்தில் துணி சுற்றி வண்டி ஏற்றுவார்கள் என்பதால் முதலாளி கவனிக்கவில்லை. முதல் பன்னிரண்டு பொம்மையும் கடையிலிருந்து அப்படியே திரும்பி வந்தன.

"அம்மா தாயே, கடைக்கு வர்றவன் துணியப் பாக்கறானா? பொம்மை பாக்குதேன்னு அவனும் குனிஞ்சு, கீழ என்ன விழுந்துதுன்னு தேடறானாம்! இன்னொரு தடவை திரும்பி வந்துச்சுன்னா, உங்களுக்கு இங்க வேலையில்ல" என்றார் முதலாளி.

வேலை போனால் அறை போகும். அறை போனால் அவளுக்கு இருந்தது இரண்டே வாசல்: ஒன்று என்னுடையது, மற்றது அவனுடையது. என் வாசலும் அவன் வாசலில்தான் கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும்.

அழித்து அழித்து எழுதினாள். எத்தனை மெனக்கெட்டும் கருவிழி போய்க் கீழிமையில்தான் உட்கார்ந்தது. அவள் கும்பிடாத தெய்வமில்லை. அடுத்த லோடு போயிற்று. திரும்பி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. தன் பார்வைக்குத்தான் கீழே பார்க்கிற மாதிரி தெரிகிறது, கை சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கே ஓர் அச்சுக்காரர் இருந்தார். அச்சில் வார்த்து, உடம்பையும் தலையையும் கழுத்தில் பொருத்துகிறவர். பெண்டாட்டி செத்துப் பல வருஷம். ஒரு வருஷம் வரை இவளுக்கு அவருடைய கால் மட்டும்தான் தெரியும்: விரல் இடுக்கில் வெள்ளை மாவு, செருப்பை எப்போதும் சத்தமில்லாமல் கழற்றி வைக்கிற கால். "சாப்டீங்களா?" என்று கேட்பார். "ம்" என்பாள். பேச்சு அவ்வளவுதான்.

இனி என் இரண்டாவது தப்பு. மூன்றாவதா? கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவள் புருஷன் என்னைத் தேடி வந்து, முற்றத்தில் உட்கார்ந்து அழுதான். "அக்கா, நான் திருந்திட்டேன். ஒரே ஒரு தடவை அவளப் பாத்துப் பேசணும்" என்றான். பட்டறை இருக்கும் இடம் எனக்குத் தெரிந்தவர் மூலம் தெரிந்திருந்தது. சொல்லிவிட்டேன். ஆண்பிள்ளை அழுதால் உண்மை என்று நினைக்கிற புத்தி எனக்கு.

அவன் பட்டறைக்குப் போன அன்று அவள் முக்காலியில் ஒரு தலையை வைத்து இடது கண் எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பு உதறும் சத்தம் கேட்டது. பார்க்காமலே தெரிந்துவிட்டது.

"கிளம்பு, வீட்டுக்குப் போலாம்."

அவள் தரையைப் பார்த்தாள். குதிகால் உயர்ந்து நின்றது. பத்து வருஷம் படித்த பாடம், மறக்குமா? அச்சுக்காரர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஆனால் அதற்குள் இவள் நிமிர்ந்துவிட்டாள். பொம்மைக் கண் எழுதும்போது பார்ப்பாளே, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, அப்படி அவன் முகத்தைப் பார்த்தாளாம். அவன் கண் தேயிலைத் தண்ணீர் நிறம். இடது இமையில் ஒரு மச்சம். பத்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

"என்னடி முறைக்கிற?"

"முறைக்கல. பாக்கறேன்" என்றாள். "நான் வரல."

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. இத்தனை கண்ணுக்கு நடுவே அவன் கை எழவில்லை. குதிகால் இறங்கியது. போய்விட்டான்.

அவள் திரும்பி உட்கார்ந்து வலது கண்ணை எழுதினாள்.

அதற்குப் பிறகு எழுதிய லோடு முழுசும் கடையிலிருந்து திரும்பி வந்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "முன்ன தரையப் பாத்துச்சு. இப்ப எல்லாம் ஃபேனப் பாக்குது! துணி எடுக்க வந்தவன் ஃபேன் விழுந்துடுமோன்னு பயந்து ஓடறான்யா!"

இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, தலையைத் திருகிக் கழற்றினாள். கழுத்துக்குள்ளிருந்து விரல் நகம் அளவுக்கு ஒரு மரச்சில்லு விழுந்தது. அடுத்ததிலும் ஒன்று. எல்லாவற்றிலும் இருந்தது. இத்தனை நாளும் கண் நிமிர்ந்து நிற்கவில்லை. அச்சுக்காரர்தான் முன்கழுத்தில் சில்லு செருகி, முகத்தை நிமிர்த்தி அனுப்பியிருக்கிறார். கண் நேரானது தெரியாமல் இந்த லோடுக்கும் வழக்கம்போலச் செருகிவிட்டார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள். அத்தனை கோபம். தன் கை திருந்தியது என்று எத்தனை நாள் சந்தோஷப்பட்டிருப்பாள்!

அவர் தலை குனிந்து நின்றார். "உங்க கண்ணுல தப்பில்லைங்க. அதத் திருத்த நான் யாரு? எனக்குக் கழுத்துதான் தெரியும்" என்றார்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து பன்னிரண்டு சில்லையும் எடுத்தார்கள். பொம்மைகள் நேராகப் பார்த்தன. முதலாளியும் நேராகப் பார்த்தார். வேலை நிலைத்தது.

பிறகு கல்யாணமா என்றுதானே கேட்பீர்கள்? அச்சுக்காரர் கேட்டார். "எனக்குச் செருப்புச் சத்தமே கேக்காத வீடு ஒண்ணு வேணும். கொஞ்ச நாளைக்கா, கடைசிவரைக்குமான்னு தெரியல" என்றாள். "சரிங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக்குக் கீழே நின்று, "சாப்டீங்களா?" என்பார். மேலிருந்து எட்டிப் பார்த்து, "ஆச்சு, நீங்க?" என்பாள். பதினான்கு வருஷம் அந்தப் படி அவர்களுக்கு நடுவிலேயே இருந்தது. இப்போது அவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி பழையபடிதான்.

அவர் போன பிறகு நான் அந்தப் படியேறினேன். அறைச் சுவர் முழுக்க முகங்கள். உடைந்த அச்சின் உட்பக்கத்தில் வரைந்தவை. அத்தனையும் நேராகப் பார்த்தன. அச்சுக்காரர் முகம் ஜன்னலுக்குப் பக்கத்தில். அவள் என்னை முக்காலியில் உட்கார வைத்து, பிரஷை எடுத்தாள்.

"அக்கா, என்னப் பாரு."

பார்க்க முயன்றேன். முடியவில்லை. அவள் கால்தான் கண்ணில் பட்டது. இருக்கிறபடியே வரைந்தாள். மன்னிப்பு நான் கேட்கவுமில்லை, அவள் கொடுக்கவுமில்லை.

"கொஞ்சம் நிமித்தி வரையக்கூடாதாடி?" என்றேன்.

"நீ நிமிரு, வரையறேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகப்போகிறேன்.