மாமன் மடி

உதயசூரியனுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. ஹீமோஃபிலியா உள்ளவன். அடிபட்டால் அவன் ரத்தம் மற்றவர்களுடையதைவிட வேகமாக ஓடாது. அதற்கு நிற்கத்தான் தெரியாது. சின்ன வயதில் முட்டிக்குள்ளேயே கசிந்து கசிந்து ஒரு கால் மடங்காமல் போனது. இப்போதெல்லாம் கசிவு வருவதற்கு முன்பே, முறை தவறாமல், ரத்தத்தை உறையவைக்கும் ஃபாக்டர் ஊசியைத் தானே நரம்பில் போட்டுக்கொள்கிறான். அதற்கப்புறம்தான் மனுஷன் லீவு போடாமல் ஷிஃப்டுக்குப் போகிறான்.

சொந்தக்காரர்களுக்கு ஊசியெல்லாம் கணக்கே இல்லை. காதுகுத்தில் அவனை மடியில் வைத்திருந்தவர் தாய்மாமன் கோதண்டம். பின்னாளில் பல் பிடுங்கப் போய் ரத்தம் நிற்காமலே செத்தார். அவர் மடியில் உட்கார்ந்த பிள்ளைக்கும் அதே நோய். வேறென்ன வேண்டும், மடியில்தான் பீடை என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டது. அதனால் தங்கை ஏலவார்குழலியின் மகனுக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் காதுகுத்து என்றபோது, கூடப்பிறந்தவனை விட்டுவிட்டு, மடி கொடுக்கப் பெரியப்பா மகன் ரஞ்சித்தைக் கூப்பிட்டார்கள்.

உதயசூரியனுக்கு அது வலித்தது. அதைவிடப் பயமாக இருந்தது. தங்கை கணவன் தேவராஜனிடம் கெஞ்சிப் பார்த்தான்.

"புள்ள முட்டியெல்லாம் நீலம் பாஞ்சி கீது மாப்ள. மொதல்ல டெஸ்ட் எடு. அப்பால குத்தலாம்."

"அதான் மடிய மாத்திட்டோமே மச்சான். அப்புறம் இன்னா?" என்றான் தேவராஜன்.

காதுகுத்தன்று உதயசூரியன் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றான். கூல்ட்ரிங்க்ஸா என்று நாலு பேர் கேலி செய்தார்கள். ரஞ்சித் மடியில் குழந்தை வீறிட்டது. ஆசாரி குத்தினார். துளி ரத்தம் வந்தது, துடைத்தார், நின்றது. எல்லார் முகமும் தெளிந்தது. மடி மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டதாகப் பேசிக்கொண்டே பந்திக்குப் போனார்கள்.

நின்றதைத்தான் உதயசூரியன் நம்பவில்லை. இந்த ரத்தத்தை அவனுக்குத் தெரியும். முதலில் நல்ல பிள்ளையாக அடங்கும். எல்லாரும் அசந்த பிறகுதான் எழுந்து வரும்.

அவன் சாப்பிடவில்லை. மண்டபத்தில் ரஞ்சித் மடியிலேயே தூங்கிப்போன குழந்தையின் எதிரில் உட்கார்ந்து, அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்தியில் சிரிப்புச் சத்தம். அங்கே அவன் ஒருவன்தான் ரத்தத்துக்காகக் காத்திருந்தான்.

"அப்டிப் பாக்காதண்ணா. கண்ணு பட்டுடும்" என்றாள் தங்கை.

அவன் பார்வையை எடுக்கவில்லை. காதணிக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு சத்தமில்லாமல் கழுத்துக்கு இறங்கியது. குழந்தை அசையவே இல்லை. ரஞ்சித் துடைத்தான். மறுபடி வந்தது. துடைக்கத் துடைக்க அதே நிதானத்தில் வந்துகொண்டே இருந்தது. பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்த மடியின் வெள்ளை வேட்டி சிவந்தது.

"நான் இன்னா பண்ணேன்?" என்று ரஞ்சித் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டான்.

உதயசூரியன் நொண்டிக்கொண்டே ஓடிவந்து சுத்தமான துணியால் காதுமடல்களை அழுத்திப் பிடித்து, மேலே ஐஸை வைத்தான். "வண்டிய எடு மாப்ள" என்றான். அரசு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பிடியைத் தளர்த்தவில்லை. மாமனுக்கு இருக்கும் நோயைக் கேட்டதுமே டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். சந்தேகம் சரிதான் என்று தெரிந்தது. ஃபாக்டர் ஏற்றிய பிறகுதான் கசிவு நின்றது.

"இது மடியில வர்றதில்லம்மா. அம்மா வழியா வர்றது. உங்களுக்குத் தெரியாமலே உங்ககிட்ட இருந்திருக்கு" என்றார் டாக்டர்.

ஏலவார்குழலி மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பீடையைப் பார்ப்பதுபோல் அவள் தன் மடியையே பார்த்தாள். பிறகு பிள்ளையை மெல்ல அதிலிருந்து தூக்கி அண்ணனிடம் நீட்டினாள்.

அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள அவன் எவ்வளவோ ஏங்கியிருந்தான். ஆனாலும் கை நீட்டவில்லை.

"வேணாம்மா. உன் மடியிலயே இருக்கட்டும்" என்றான்.