கயிற்றுச் சுருளுக்குள் கால்

புதுமடம் கடற்கரையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிவந்த வெளிநாட்டுப் பயணிகள் இருவரும் காலையிலிருந்து சண்டையை விடவில்லை. காலுக்கு ரஷ்யர் 'நோகா' என்கிறார், செக் நாட்டுப் பெண் 'நோஹா' என்கிறார். எது பழைய சொல் என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும்?

கரைவலையோடு வள்ளம் கடலுக்குள் போகிறது. வலையில் கட்டிய கயிற்றின் சுருள் மணலில் அவிழ்ந்து ஓடுகிறது. இவர்கள் அந்தச் சுருளுக்குள்ளேயே நின்று வாதாடுகிறார்கள்.

கயிறு விடும் மீனவர் என்ன சண்டை என்கிறார். சொல்கிறேன்.

"காலுக்குப் பேரு அப்பறமா வச்சுக்கிறலாம்ண்ணே. மொதல்ல அதை வெளிய எடுக்கச் சொல்லுங்க" என்கிறார் அவர்.

அதை இருவரிடமும் சொன்னால், ஒரு நிமிடம் பொறு என்று ரஷ்யர் கைகாட்டுகிறார். பொறுமை போய் உள்ளே நுழைந்து இருவரையும் வெளியே தள்ளுகிறேன். இப்போது சுருளுக்குள் நிற்பது நான். கயிறு என் காலைச் சுற்றி இழுக்க, மல்லாந்து விழுகிறேன். மீனவர் கயிற்றைப் பிடித்து நிறுத்துகிறார்.

மாட்டிய என் காலைக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன என்று கேட்கிறார் அந்தச் செக் பெண்.