கண்காட்சிக்குப் போன நீராவி இஞ்சின்

டீசல் இஞ்சின் வந்து இறங்கியதும் எங்கள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நீராவி இஞ்சினுக்கு வேலை இல்லாமல் போனது. அதற்குத் தீ போட்டுவந்த பாய்லர்காரருக்கும் வேலை இல்லாமல் போனது. இஞ்சினை வெளியே தள்ளித் தகரக் கூரைக்குக் கீழே விட்டோம். அவரைப் புல்லுவெட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஸ்டோர் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர். டீசலுக்கும் ஸ்பேனர் வேண்டும் என்பதால் தப்பினேன்.

வலப்பனையில் பழைய இரும்பு வியாபாரம் செய்த முஸ்லிம் நானா ஒருவர் லொறியோடு வந்தார். இஞ்சினைச் சுற்றி வந்து, பெரிய சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, "நல்ல இரும்பு" என்றார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். துரையின் நாட்டில் இந்த மாதிரிப் பழைய இஞ்சின்களைத் துடைத்து, பெயின்ட் அடித்து, ஊரைக் கூட்டி ஓட்டிக் காட்டுவார்களாம். நுவரெலியா விவசாயக் கண்காட்சியில் நாமும் காட்டுவோம் என்றார். நானா கோபப்படவில்லை. கண்காட்சிக்கு ஏற்றிப் போகவாவது தன் லொறியை வாடகைக்கு எடுக்கச் சொன்னார்.

பாய்லர்காரரைப் புல்லுவெட்டிலிருந்து கூப்பிட்டு வந்தேன். இத்தனை வருடம் அந்த இஞ்சின் பக்கத்திலேயே நின்று அவருக்குக் காது மந்தம். எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணே, இத ஓட வைக்கணுமாம்!"

"நிப்பாட்டினது நீங்கதானே?"

"இப்ப வேலைக்கு இல்லண்ணே. பாக்குறதுக்கு!"

"யாரு பாக்கப் போறா?"

"டவுன் ஆளுங்க!"

"பாத்து?"

நான் கம்பிப் பிரஷ்ஷை எடுத்து நீட்டினேன். அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

புகைக்குழாய்களைக் கம்பிப் பிரஷ் விட்டுத் தேய்த்தோம். ஒன்றில் எலி குட்டி போட்டிருந்தது. அவர் குட்டிகளைப் பழந்துணியில் அள்ளித் தேயிலைத் தூருக்குப் பக்கத்தில் விட்டு வந்தார். பித்தளைக்குப் புளியும் சாம்பலும் போட்டோம். உடம்புக்குப் பச்சை, சக்கரத்துக்குச் சிவப்பு. துடைத்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்:

"வட்டகொட ஸ்டேசன்லேருந்து இத வடம் கட்டி இழுத்து வந்த ஆளுங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தரு. அப்ப நான் எங்கம்மா வயித்துல."

கண்காட்சியில் எங்களுக்குப் பூக்கள் வைத்திருந்த கூடாரத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். இஞ்சினைப் பற்றித் தெரிந்தவர்கள் கொடுத்த இடமாகத் தெரியவில்லை. தீ மூட்டியதும் வெள்ளை டேலியாக்கள் சாம்பல் நிறமாயின. சீமாட்டிகள் இரண்டு பேர் துரையிடம் ஏதோ சொன்னார்கள். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

திறந்து வைக்க வந்த பெரிய மனிதர் சிங்களத்தில் பேசினார். பேச்சின் நடுவே எங்கள் இஞ்சின்மீது கை வைத்தார். சூடாக இருந்ததால் உடனே எடுத்துக்கொண்டார். இது கப்பலில் வந்ததுதான், ஆனாலும் எங்கே பிறந்தது என்று பார்க்கக் கூடாது, இந்த மலைக்கு உழைத்திருக்கிறது, ஆகவே இது இந்த நாட்டின் சொத்து என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு பாய்லர்காரர் ஊதலை இழுத்தார். வேடிக்கை பார்க்க வந்து புல்தரையில் சோறு தின்றுகொண்டிருந்த எங்கள் தோட்டத்து ஆட்கள் தினமும் விடியலில் தங்களை வேலைக்குக் கூப்பிட்டுவந்த அந்தச் சத்தத்துக்குச் சட்டென்று எழுந்து, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் நிற்பதுபோல வரிசையாக நின்றுவிட்டார்கள். பெரிய மனிதர் அதைத் தனக்குச் செய்த மரியாதையாக எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

திரும்பி வரும்போது லொறியின் பின்தட்டில் இஞ்சினோடு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"அந்தப் பெரியவரு என்னடா பேசினாரு?"

"இஞ்சின் இந்த நாட்டோடதாம்! எங்க பொறந்துச்சுன்னு பாக்கக் கூடாதாம்! உழைச்சதத்தான் பாக்கணுமாம்!"

இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்பதால் எங்கள் ஆட்கள் இங்கே பிறந்திருந்தாலும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டும். பாய்லர்காரர் போட்ட மனுவை அதற்கு முந்திய வருடம்தான் தள்ளியிருந்தார்கள். இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி போதாதாம். அவர் சக்கரத்தைக் கையால் தட்டினார்.

"இஞ்சினுக்கு யாரு மனுப் போட்டா?"

"யாரும் போடலண்ணே!"

"அதான்" என்றார்.

பாய்லர்காரர் போட்ட மேல்மனுவை விசாரிக்க ஒரு அதிகாரி தோட்டத்துக்கே வந்தார். அவர் சிங்களத்தில் கேட்பதை நான் தமிழில் கத்த வேண்டும். இவர் சொல்வதைச் சிங்களத்தில் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

"நீ இங்கே பிறந்ததற்கு யார் சாட்சி?"

"வாங்க மாத்தையா, காட்டுறேன்" என்று பாய்லர்காரர் அவரை இஞ்சினிடம் கூட்டிப் போனார். தன் அப்பா வடம் பிடித்தபோது தான் அம்மா வயிற்றில் இருந்த கதையைச் சொன்னார்.

அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்காட்சியில் இதைப் பார்க்கத் தவறிவிட்டதாகவும், ஓட்டிக் காட்ட முடியுமா என்றும் கேட்டார். தண்ணீர் கொதிக்கும் வரை ஸ்டோரை நடத்தும் டீமேக்கரின் அறையில் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தார். ஊதலைத் தன் கையாலேயே இழுத்துப் பார்த்தார். போகும்போது பாய்லர்காரருக்குக் கை கொடுத்தார். அன்று சாயங்காலம் பாய்லர்காரர் வீட்டில் பாயாசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு குவளை வந்தது.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. இல்லை என்று. சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. கத்திச் சொன்னேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் மட்டும் "என்ன?" என்று கேட்டார். இந்தத் தடவை கத்தாமல், இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த கண்காட்சிக்குப் பாய்லர்காரர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். எண்ணெய்த் துணியோடு இஞ்சினுக்குக் கீழே படுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் ஆத்திரமாக இருந்தது.

"அன்னிக்கே இத ஒடச்சி எடைக்குப் போட்டிருக்கணும்ணே!"

அவர் தலையை வெளியே நீட்டினார்.

"அது என்னடா செஞ்சுச்சு, பாவம்?"

பின்னால் இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் பேசி எங்கள் ஆட்களைப் பங்கிட்டுக்கொண்டபோது அவர் இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுத்தார். அந்த நாட்டை அவர் பார்த்ததில்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாததால், கூப்பிடும் வரைக்கும் பாய்லரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் துரை.